அலாமத்தும் அரழும்
ஓர் இரட்டைச் சொல்லின் வரலாறு

செவிலியர் கல்வி பயிலும் நம் தம்பி மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தன் பாடநூலை விரித்துவைத்து ஓர் ஐயத்தை எழுப்பினாள். "பெரிய வாப்பா! ஒவ்வொரு நோயைப் பற்றிய பாடத்திலும் 'ஸைன்ஸ் அண்ட் ஸிம்ப்டம்ஸ்' என்று ஒரு தலைப்பு வருகிறது. தமிழில் கேட்டால் இரண்டுக்கும் 'அறிகுறி' என்கிறார்கள். ஒன்றேயானால் இரண்டு சொல் எதற்கு? இரண்டானால் வேறுபாடு என்ன?" என்பது அவள் கேள்வி.

கேள்வி சிறியது, ஆனால் அதனைத் தொடர்ந்து சென்றபோது, கிரேக்க நாட்டில் தொடங்கி, பக்தாதிலும் ரய்யிலும் தங்கி, தொலேடோ வழியாக மேற்கே சென்று, இன்று நம் ஊர் மருத்துவமனை வாயிலில் வந்து நிற்கும் ஒரு நெடிய வரலாறு நம் கண்முன் விரிந்தது. அவ்வரலாற்றின் நடுப்பகுதி, நம் அரபுக் கலாசாலைகளில் நாள்தோறும் ஓதப்படும் சொற்களாலேயே ஆனது என்பதையும் கண்டோம். அதனை வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய வழக்கு

முதலில், இன்றைய மருத்துவர்கள் இவ்விரு சொற்களையும் எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதைத் தெளிந்து கொள்வோம். நோயாளி தன்னுள் உணர்ந்து, தன் வாயால் சொன்னாலன்றிப் பிறர் அறிய இயலாதது 'ஸிம்ப்டம்'. வலி, அரிப்பு, தலைசுற்றல், குமட்டல், சோர்வு, நாவில் கசப்பு ஆகியன இவ்வகையின. மருத்துவரோ, செவிலியரோ, அருகிலிருக்கும் பிறரோ கண்டும் தொட்டும் கேட்டும் அளந்தும் அறியக்கூடியது 'ஸைன்'. கண்ணில் மஞ்சள் படர்தல், கால் வீக்கம், தோலில் தடிப்பு, நாடியின் விரைவு, குருதியழுத்தத்தின் அளவு ஆகியன இவ்வகையின.

இவ்விரண்டும் எப்போதும் இணைந்தே வருவதில்லை. ஒற்றைத் தலைவலியால் ஒருவர் துடித்துக் கொண்டிருக்கலாம். அவரைச் சோதிக்கும் மருத்துவருக்குப் புறத்தே ஒன்றும் புலப்படாது. அங்கே ஸிம்ப்டம் உண்டு; ஸைன் இல்லை. மற்றொருவரோ குருதியழுத்தம் மிக உயர்ந்திருந்தும், தமக்கு ஒரு குறையும் இல்லையென்று கடைத்தெருவில் வணிகம் செய்து கொண்டிருப்பார். அங்கே ஸைன் உண்டு, ஸிம்ப்டம் இல்லை. ஒரே காய்ச்சலே இரண்டாகவும் நிற்பதுண்டு: உடம்பு கொதிக்கிறது என்று நோயாளி சொல்வது ஸிம்ப்டம், வெப்பமானி காட்டும் அளவு ஸைன்.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது, 'அறிகுறியற்ற நோயாளி' என்னும் தொடர் நாளிதழ்களில் நாள்தோறும் அடிபட்டது. சோதனையில் தொற்று இருப்பது தெரிந்தும், தம்மளவில் எத்துன்பமும் உணராதவர்களை அது குறித்தது. ஆங்கிலத்தில் அது ஸிம்ப்டம் இன்மையைச் சொல்லும் சொல்லேயாகும்.

ஆக, இவ்விணைச் சொல் வெறும் அடுக்குத்தொடர் அன்று. அதில் இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று நோயாளியின் நா. மற்றொன்று மருத்துவரின் புலன். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை இனிக் காண்போம்.

சொற்களின் பிறப்பு

'ஸிம்ப்டம்' என்பது 'ஸிம்ப்டோமா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 'உடன் வீழ்வது', 'கூட நேர்வது' என்பது அதன் நேர்ப்பொருள். நோய் ஒன்று வரும்போது அதனுடன் கூடவே வந்து வீழ்வதால் அப்பெயர் பெற்றது. அடையாளத்தைக் குறிக்க அம்மொழியில் 'ஸெமெயோன்' என்ற வேறொரு சொல் வழங்கியது. கி.பி. 129-இல் பெர்கமம் நகரில் பிறந்த ஜாலீனூஸ் என்னும் பெரு மருத்துவர், நோய்களின் வகைகள், அவற்றின் காரணங்கள், உடன் நேர்வனவற்றின் வகைகள், அவற்றின் காரணங்கள் எனத் தனித்தனியே நூல்கள் யாத்தார்.

அப்பாஸிய கலீபாக்கள் காலத்துப் பக்தாதில், கி.பி. 809 முதல் 873 வரை வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞரும் அவர்தம் மாணவர் குழுவினரும் ஜாலீனூஸின் நூல்களை ஸுர்யானியிலும் அரபியிலும் பெயர்த்தனர். ஒரே நூலின் பல கிரேக்கப் படிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை களைந்த பின்னரே மொழிபெயர்க்கத் தொடங்குவது ஹுனைனின் வழக்கம். மேற்சொன்ன நூல்கள் ஆறு பகுதிகளாக ஒன்றிணைக்கப்பட்டு, 'அல்இலலு வல்அஃராழ்' என்னும் பெயரால் அரபியில் விளங்கின. 'காரணங்களும் உடன் நேர்வனவும்' என்று அதனைத் தமிழ்ப்படுத்தலாம்.

இங்கே ஸிம்ப்டோமாவுக்கு அவர்கள் தேர்ந்த சொல் 'அரழ்' என்பது கவனிக்கத் தக்கது. அதன் பன்மையே 'அஃராழ்'. அகீதாப் பாடம் ஓதிய எவருக்கும் இச்சொல் புதிதன்று. ஜவ்ஹர், அரழ் என்னும் பாகுபாட்டை அங்கே முதற்கண் கற்கிறோம். தானே தன்னில் நிற்பது ஜவ்ஹர். பிறிதொன்றைச் சார்ந்தன்றி நிற்க முடியாதது அரழ். துணியின்றி நிறம் தனியே நில்லாது, நிறம் அரழ். அஷ்அரிய்யா அறிஞர்கள் இன்னும் ஒருபடி மேற்சென்று, அரழ் என்பது இரண்டு கணங்கள் தொடர்ந்து நிலைக்காது என்றும், அது கணந்தோறும் புதிதாகப் படைக்கப்படுகிறது என்றும் கூறினர். இவ்வுலகப் பொருள்களின் நிலையாமையைச் சுட்டத் திருமறை அன்பால் அத்தியாயத்தில் ஆள்வதும் இதே 'அரழ்' என்னும் சொல்லையே.

மருத்துவத்துக்கு இச்சொல் எத்துணைப் பொருத்தம் என்று பாருங்கள். தாகம் தனியே எங்கும் நிற்பதில்லை. தாகிக்கும் ஒரு மனிதன் வேண்டும். வலி தனியே உலவுவதில்லை. வலியைச் சுமக்கும் ஓர் உடல் வேண்டும். நோய் அரபியில் 'மரழ்'. அதனுடன் நேர்வது 'அரழ்'. ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டும் எதுகைபோல் அமைந்தது மொழியின் அழகு.

அடையாளத்துக்கு வழங்கிய சொல் 'அலாமத்'. இதனை நம் குடும்பங்களில் அறியாதார் இல்லை. கியாமத் நாளின் அலாமத்துகளைப் பற்றிப் பயான்களில் கேட்டே வளர்ந்தோம். 'இல்ம்' என்னும் அறிவும், 'ஆலிம்' என்னும் அறிஞரும், 'ஆலம்' என்னும் உலகமும் பிறந்த வேரிலிருந்தே அலாமத்தும் பிறந்தது. படைத்தவனை அறிவதற்கு வாயிலாக இருப்பதாலேயே உலகுக்கு ஆலம் என்று பெயர் வந்ததெனக் கலாம் அறிஞர் விளக்குவர். அங்ஙனமே, மறைந்திருக்கும் நோயை அறிய வாயிலாக இருப்பது அலாமத்.

ராஸீயின் ஒப்புதல்

சொற்கள் கிடைத்துவிட்டன. அவற்றை நோயாளியின் படுக்கையருகே கையாண்டு காட்டியவர்களுள் தலையாயவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ரய் நகரில் பிறந்து, அங்கும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கி, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தவர். பெரியம்மையையும் மணல்வாரியையும் பற்றி அவர் எழுதிய சிறுநூலை, 1848-இல் கிரீன்ஹில் என்பார் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெரியம்மை கொப்புளிக்கும் முன்னரே தோன்றுவனவாகத் தொடர்காய்ச்சல், முதுகு வலி, மூக்கில் அரிப்பு, உறக்கத்தில் திடுக்கிடல் ஆகியவற்றை அந்நூலில் அவர் வரிசைப்படுத்துகிறார். இவற்றுள் முதுகு வலியும் மூக்கரிப்பும் நோயாளி சொன்னாலன்றித் தெரியாதவை என்பதை நோக்குக.

ஆயினும், நம் நெஞ்சைத் தொட்டது அந்நூலன்று; அவர் தம் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளுள் ஒன்றேயாகும். அதனை எட்வர்ட் பிரௌன் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1921-இல் வெளிவந்த தம் அரபு மருத்துவ நூலில் பெயர்த்துத் தந்திருக்கிறார்.

அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பாருக்கு முறை தவறிய காய்ச்சல் அடிக்கடி வந்தது. சில வேளை நாள்தோறும், சில வேளை ஒருநாள் விட்டு ஒருநாள், சில வேளை இன்னும் இடைவெளி விட்டு வந்தது. காய்ச்சலுக்கு முன் சிறு நடுக்கமும், அடிக்கடி சிறுநீர் பிரிதலும் இருந்தன. இது நாலாம் முறைக் காய்ச்சலாக மாறும், அன்றேல் சிறுநீரகத்தில் புண் இருக்கிறது என ராஸீ இருவழியாகக் கருத்துரைத்தார். சில நாள்களில் சிறுநீரில் சீழ் கண்டது. புண்தான் என்பது உறுதியாயிற்று.

இங்கே நோயை வெளிப்படுத்தியது சீழ் என்னும் கண்கூடான அலாமத். ஆனால் ராஸீ அத்துடன் நிறுத்தவில்லை. தாம் முன்னரே ஏன் துணிந்து சொல்லவில்லை என்று தம்மைத் தாமே விசாரித்துக் கொள்கிறார். முன்பு வந்த பலவகைக் காய்ச்சல்கள் தம்மை மயக்கின என்கிறார். நோயாளியின் தந்தைக்கு நீர்ப்பையில் பலவீனம் இருந்தது தமக்குத் தெரியாது என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்து நிற்கும்போது இடுப்பில் ஏதோ பாரம் தொங்குவது போன்ற உணர்வு இருந்ததை நோயாளி தம்மிடம் முறையிடவில்லை என்றும், அதனைத் தாமும் கேட்கத் தவறிவிட்டதாகவும் எழுதி வைக்கிறார்.

அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை என்னும் இந்த ஒப்புதலில் ஒரு பேராசானின் நேர்மை ஒளிர்கிறது. பழியை நோயாளி மீது மட்டும் சுமத்தி அவர் தப்பித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், சொல்லும் கடமை ஒருவனுக்கும் கேட்கும் கடமை மற்றொருவனுக்கும் உண்டென்பதைத் தம் தவற்றையே பாடமாக்கி எழுதிச் சென்றார்.

ஷெய்குர் ரயீஸின் பாகுபாடு

ராஸீ படுக்கையருகே உணர்ந்ததை இலக்கணமாக வகுத்தளித்தவர், கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த ஷெய்குர் ரயீஸ் இப்னு ஸீனா. அவருடைய 'அல்கானூன் ஃபித்திப்' ஐந்து பெரும் பகுதிகளைக் கொண்டது. அதன் முதற் பகுதியில் சபபு, மரழ், அரழ் என்னும் மூன்றையும் பிரித்துக் காட்டுகிறார். உடலுக்குள் ஏற்படும் அழுகல் சபபு. அதனால் வரும் காய்ச்சல் மரழ். காய்ச்சலோடு வரும் தாகமும் தலைவலியும் அரழ். இன்னொரு சான்று: கடுமையான நீர்க்கோவை சபபு, நுரையீரலில் தோன்றும் புண் மரழ், கன்னம் சிவத்தலும் நகம் வளைதலும் அரழ்.

இவ்விரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தாகமும் தலைவலியும் நோயாளி மட்டுமே உணர்பவை. கன்னச் சிவப்பும் நக வளைவும் பிறர் கண்ணுக்குத் தெரிபவை. இன்றைய பாடநூல் முன்னதை ஸிம்ப்டம் என்றும் பின்னதை ஸைன் என்றும் பிரிக்கும். இப்னு ஸீனாவோ இரண்டையும் அரழ் என்றே அழைக்கிறார். அப்படியானால் அலாமத் என்பதை, தலீல் என்பதை, அவர் எங்கே வைத்தார்?

அவர் தரும் விடை நுட்பமானது. நேர்ந்த ஒன்றை அது நேர்ந்த உடலோடு சார்த்திப் பார்த்தால் அதன் பெயர் அரழ். அதையே மருத்துவர் உற்று நோக்கி, அதன் வழியாக நோயின் தன்மையை அறியச் செல்வாராயின் அதன் பெயர் தலீல். பொருள் ஒன்றே, நோக்கும் திசையால் பெயர் இரண்டு. நோயாளிக்கு அது துன்பம். மருத்துவருக்கு அது சான்று. ஆகவே, நோயாளியின் வாயிலிருந்து வரும் முறையீடும், கவனித்துக் கேட்கும் மருத்துவரிடம் சென்று சேர்ந்த கணமே அலாமத்தாகி விடுகிறது. கேட்பார் இல்லையேல் அது துன்பமாகவே நின்று போகிறது.

இம்மூன்றுக்கும் இடையே மதிற்சுவர் இல்லை என்பதையும் அவர் சுட்டுகிறார். காய்ச்சலோடு வந்த தலைவலி நிலைத்து வேரூன்றினால் அதுவே தனி நோயாகலாம். எனவே, 'இது வெறும் தலைவலிதானே' என்று அரழைத் தள்ளிவிடலாகாது.

அலாமத்துகளைக் காலத்தால் அவர் மூன்றாகப் பகுத்ததும் சுவையுடையது. நிகழ்வதைக் காட்டும் அடையாளம் நோயாளிக்கு மட்டும் பயன்படும். அதைக்கொண்டு அவன் செய்ய வேண்டியது தெரியும். நடந்து முடிந்ததைக் காட்டும் அடையாளம் மருத்துவருக்கு மட்டும் பயன்படும். முன்பு நடந்ததை அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் திறமையில் நம்பிக்கை பெருகும். வரப்போவதைக் காட்டும் அடையாளமே இருவருக்கும் பயன்படும் என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இச்சொற்களில் மெல்லிய நகையும் கலந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

வாய் திறவாத நோயாளியையும் அவர் அறிந்திருந்தார். காதல் நோயால் வாடும் ஒருவன் தன் உள்ளத்தில் உறைபவரின் பெயரைச் சொல்ல மறுத்தால், அவன் நாடியில் விரலை வைத்துக்கொண்டு பெயர்களையும் தெருக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வருக. எந்தப் பெயரில் நாடி துள்ளுகிறதோ அதுவே விடை என்று எழுதி, தாமே இதனைச் செய்து பார்த்ததாகவும் கூறுகிறார். நா மறைத்ததை நாடி சொல்லிற்று.

மேற்கே சென்றபோது

கி.பி. 1187-இல் மறைந்த கிரிமோனா நகரத்து ஜெரார்டு என்பார், ஸ்பெயின் நாட்டுத் தொலேடோவில் தங்கிக் கானூனை லத்தீனில் பெயர்த்தார். அரழ் என்னும் சொல் அங்கே 'அக்ஸிடென்ஸ்' ஆயிற்று. 'வந்து வீழ்வது' என்பதே அதற்கும் பொருள். இன்று சாலையில் நேரும் விபத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் உடன்பிறப்பேயாகும். ஜாலீனூஸின் அந்த ஆறு பகுதி நூலும் இடைக்கால ஐரோப்பியக் கல்லூரிகளில் 'அக்ஸிடென்ஸும் நோயும்' என்னும் பொருள்படும் லத்தீன் பெயரோடுதான் ஓதப்பட்டது. பின்னர், கிரேக்க மூலங்களை நேரே கற்கும் ஆர்வம் ஐரோப்பாவில் தலையெடுத்தபோது, 'ஸிம்ப்டோமா' மீண்டும் அரியணை ஏறியது. கானூனின் அரபு மூலமோ 1593-இல் ரோமாபுரியிலேயே அச்சேறியது.

இவ்வளவு காலமும் மருத்துவம் பெரும்பாலும் நோயாளியின் சொல்லையே நம்பி நடந்தது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், நோயாளி தன் துன்பங்களை விரிவாகக் கடிதத்தில் எழுதியனுப்ப, அவரைக் காணாமலேயே மருத்துவர் மறுகடிதத்தில் மருந்து எழுதியனுப்புவது இயல்பான வழக்கமாயிருந்தது. தராசின் தட்டு அன்று நோயாளியின் நாவின் பக்கமே தாழ்ந்திருந்தது.

தராசு சாய்ந்த கதை

அத்தட்டை மறுபக்கம் சாய்த்தவை கருவிகள். 1761-இல் வியன்னாவில் அவுன்பிருக்கர் என்னும் மருத்துவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருப்பதை அறியும் முறையை வெளியிட்டார். 1816-இல் பாரிஸ் மருத்துவமனையில் லென்னக் என்பார், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தை உருளையாகச் சுருட்டி அதன்வழிக் கேட்டார். மார்பொலி மானி பிறந்தது. நாணத்தைக் காக்கப் பிறந்த கருவி அது என்பது நாம் எண்ணி மகிழத் தக்கது. 1868-இல் ஜெர்மானியரான வுண்டர்லிஷ், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து பெற்ற முடிவுகளை நூலாக்கினார். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டே குருதியழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியரான ரீவா ரோச்சி அறிவித்தார்.

இவற்றால் விளைந்த நன்மைக்கு எல்லையில்லை. நோயாளி உணரும் முன்னரே நோய் பிடிபட்டது. பேசத் தெரியாத பச்சிளங் குழந்தையின் நோயும், மயங்கிக் கிடப்பவரின் நோயும் வெளிப்பட்டன. ஸைன், ஸிம்ப்டம் என்னும் இன்றைய கூர்மையான பிரிவினை வேரூன்றியதும் இக்கருவிகளின் காலத்தில்தான். நோயாளி சொல்வது ஒருபுறம், மருத்துவர் காண்பது மறுபுறம் என்று இரண்டு பத்திகள் உருவாயின.

ஆனால் பிரித்தவுடன் ஒன்று உயர்ந்ததாகவும் மற்றொன்று தாழ்ந்ததாகவும் எண்ணும் பழக்கமும் உடன் வந்தது. கருவி சொல்வது மெய். மனிதன் சொல்வது ஐயத்துக்குரியது என்னும் மனப்பாங்கு அது. இப்னு ஸீனாவின் கண்ணில் ஒரே பொருளின் இரு பெயர்களாயிருந்தவை, போட்டியிடும் இரு கட்சிகளாயின. ஆயினும் நாவின் பக்கத்துத் தட்டு முற்றும் உயர்ந்துவிடவில்லை. பெருந்தொற்றின்போது, மணமும் சுவையும் அற்றுப்போனதை நோயாளிகள்தாம் முதலில் சொன்னார்கள். அதனைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியுமன்று. 2020 ஜூன் மாதத்தில் நம் நாட்டு நலவாழ்வு அமைச்சகமும் அதனை நோயின் குறிகளுள் சேர்த்தது.

நோயாளி பேசலாமா?

இங்கே நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. துன்பத்தை வெளியே சொல்வது ஸபுருக்கு மாறானது என்று பலர், சிறப்பாக நம் தாய்மார்கள், எண்ணுகிறார்கள். நோயை மறைத்துப் பல்லைக் கடித்துக் கொள்வதே பொறுமை எனக் கருதுகிறார்கள்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் நூலில் நோயாளிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்துள்ளார்கள். அதனுள் ஒரு பாடத்தின் தலைப்பே, நோயாளி தனக்கு வலிக்கிறதென்றும், தலை வலிக்கிறதென்றும், வலி மிகுந்துவிட்டதென்றும் சொல்வதற்கு உள்ள அனுமதியைப் பற்றியது. அத்தலைப்பில் ஐயூப் நபி (அலை) அவர்களின் இறைஞ்சுதலையும் இமாம் அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். துன்பம் தம்மைத் தீண்டிவிட்டதென அந்நபி தம் இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னதைத் திருமறை அன்பியா அத்தியாயத்தில் காண்கிறோம். அதே திருமறை ஸாத் அத்தியாயத்தில் அவர்களைப் பொறுமையாளர் என்று போற்றுகிறது. சொன்னதனால் பொறுமை குன்றிவிடவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் வாய்விட்டு அரற்றியபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. தமக்கும் தலை வலிப்பதை அதே சொல்லாலேயே எடுத்துரைத்தார்கள் என்பதும் அங்கே பதிவாகியுள்ளது.

இன்னொரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. அண்ணலார் காய்ச்சலுற்றிருந்தபோது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வந்து, தம் கையால் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் கடுமையாக இருக்கிறதே என்றார்கள். அண்ணலாரும் ஆம் என்று ஒப்பி, உங்களில் இருவர் படும் அளவுக்குத் தாம் ஒருவரே படுவதாகச் சொன்னார்கள். தொட்டறிந்தது அலாமத், சொல்லி அறிவித்தது அரழ். இரண்டும் ஒரே படுக்கையருகே, ஒரே உரையாடலில், ஒன்றையொன்று மெய்ப்பித்து நிற்கின்றன.

இரு சாட்சிகள்

நம் ஃபிக்ஹு நூல்கள் ஓர் உண்மையை நிலைநாட்ட இருவழி கூறும். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே ஒப்பிச் சொல்வது இக்ரார். பிறர் சாட்சியால் நிறுவப்படுவது பய்யினா. ஸிம்ப்டம் இக்ராரைப் போன்றது. ஸைன் பய்யினாவைப் போன்றது. ரமழானில் நோயாளி நோன்பை விடுவதற்கான சட்டத்திலும் இவ்விரு வாயில்களும் திறந்தே உள்ளன. நோன்பு நோயைப் பெருக்கும் என்பதைத் தன் உடலில் கண்ட குறியாலும் அனுபவத்தாலும் நோயாளி உறுதியாகக் கருதினாலும் சரி, தேர்ந்த நேர்மையான மருத்துவர் சொன்னாலும் சரி, சலுகை உண்டென ஹனஃபீ நூல்கள் விளக்குகின்றன. நோயாளியின் சொல்லுக்கு மார்க்கம் மதிப்பளித்திருக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? நம் சிறிய தாயார் ஒருவருக்குப் படியேறும்போதெல்லாம் தாடையிலும் மேல்முதுகிலும் ஒரு கனம் தோன்றி, ஓய்ந்து அமர்ந்தால் நீங்கி வந்தது. மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மூச்சு முட்டவே மகன் மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மகனே விடை சொன்னான். தாயார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். இதயத்தின் மின்வரைபடம் எடுத்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. அலுப்புத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களுக்குப் பின் வேறொரு பெண் மருத்துவர், மகனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்னம்மா செய்கிறது? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். அப்போதுதான் தாடைக் கனமும் படியேற்றமும் வெளிவந்தன. மேற்கொண்டு செய்த சோதனையில் இதய நாளத்தில் அடைப்பு இருப்பது தெரிந்தது. அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார்.

வலித்தது தாய்க்கு; பேசியது மகன். ஓய்ந்திருக்கும் வேளையில் எடுத்த வரைபடம் சில வேளை குறை காட்டாது என்பதும், பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் இதய நோய் நெஞ்சுவலியாக வராமல் மூச்சுத்திணறலாகவோ, சோர்வாகவோ, முதுகு, தாடை வலியாகவோ வரலாம் என்பதும் மருத்துவம் அறிந்த செய்திகளே. அங்கே பய்யினா மௌனமாயிருந்தது, இக்ரார் கேட்கப்படவில்லை. ராஸீ எழுதிவைத்த ஒப்புதல் அன்று நம் நினைவில் இல்லாமற் போயிற்று.

மறுபுறத்துத் தவறும் நம்மிடம் உண்டு. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்குச் சோதனை?' என்று குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்க்க மறுக்கும் ஆண்கள் எத்தனை பேர்! இவர்கள் அரழ் இல்லையென்றால் மரழே இல்லை என்று எண்ணுகிறார்கள். மருத்துவம் செய்து கொள்ளுமாறும், மூப்பு ஒன்றைத் தவிர எந்நோய்க்கும் இறைவன் மருந்து வைத்தே இருக்கிறான் என்றும் அண்ணலார் அறிவுறுத்தியதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தம்பி மகளுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "ஸைன் என்பதை அடையாளம் என்று சொல். ஸிம்ப்டம் என்பதை உணர்குறி என்று சொல். நம் சித்த மருத்துவ நூல்களும் 'குறிகுணம்' என்று ஓர் இணைச் சொல்லை வழங்கி வருகின்றன. அவர்களுடைய எண்வகைத் தேர்வில் நாடியோடும் விழியோடும் மொழியும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. பெயரை எப்படியும் வைத்துக்கொள். ஆனால் நாளை நீ நோயாளியின் அருகே நிற்கும்போது, கருவியைப் பார்க்கும் முன் அவர் முகத்தைப் பார். மகனிடம் கேட்கும் முன் தாயிடம் கேள். அவர் சொல்லாததையும் கேட்டு வாங்கு."

அவள் தன் பாடநூலின் ஓரத்தில் அரபி எழுத்தில் 'அலாமத்', 'அரழ்' என்று குறித்துக் கொண்டாள். பின்னர் எழுந்து உள்ளே சென்று, தன் பாட்டியிடம், "வாப்பும்மா, உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்பது நம் காதில் விழுந்தது. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வழக்கம்போல் விடை வந்தது. "ஒன்றுமில்லை என்றால் விடமாட்டேன், சொல்லுங்கள்" என்றாள் அவள்.

நோயுற்றோர் கூச்சமின்றிச் சொல்லவும், நலமுற்றோர் பொறுமையோடு கேட்கவும் வல்ல நாயன் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.